½ × ½ எவ்வளவு? சாரிசார்ட்டைக் கேளுங்கள்



பெற்றோர் கூட்டம் வைத்தால் தவறாமல் வரும் முறைப்பாடு: "சேர், இவனுக்கு வாய்பாடு மண்டையில ஏறாது. போனில போக்கிமோன் எண்டா மட்டும் எல்லாம் பாடம்." குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகப் படுகிறது.

அந்த விளையாட்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள். 1996இல் ஜப்பானில் வந்தபோது 15 வகைகள். இப்போது 18. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும். தாக்கும் வகை 18, தாங்கும் வகை 18, ஆக 324 கட்டங்கள். நாங்கள் கேட்கும் 12ஆம் வாய்பாடு வரை 144 கட்டம்தான்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்: 2, 1, ½ அல்லது 0. ஒரு பிராணிக்கு இரண்டு வகை இருந்தால் இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். கியாரடோஸ் நீரும் பறத்தலும். மின்சாரம் அடித்தால் 2 × 2, நான்கு மடங்கு. புல் அடித்தால் 2 × ½, சாதாரண அடி. சாரிசார்ட் நெருப்பும் பறத்தலும். புல் அடித்தால் ½ × ½, கால்வாசிதான். ஸ்வாம்பர்ட் நீரும் நிலமும். மின்சாரம் 2 × 0, ஒன்றுமே இல்லை.

இது சுத்தமான பின்னப் பெருக்கல். கரும்பலகையில் ½ × ½ எழுதினால் "ஒன்று" என்று சொல்லும் பிள்ளை, சாரிசார்ட்டைக் கேட்டால் யோசிக்காமல் "கால்" என்கிறது. மூளையில் குறை இல்லை.

அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் உடனே ஒரு வேலை இருக்கிறது. பிழைத்தால் ஒரு ஆட்டம் போகும், அடுத்த நிமிடம் திரும்ப ஆடலாம். வகுப்பில் பிழைத்தால் சிவப்பு மை, பக்கத்துப் பிள்ளையின் சிரிப்பு. அந்தப் பயத்தோடேயே சாதாரண தரம் வரை வந்து கணிதத்தைக் கைவிடும் பிள்ளைகள் வன்னியில் எத்தனை பேர் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. முதல் விளையாட்டில் 'சைக்கிக்' வகை எல்லாரையும் அடித்து வீழ்த்தியது. தயாரித்தவர்கள் ஆடுபவர்களைத் திட்டவில்லை. 1999இல் இருள், உருக்கு என்ற இரண்டு வகைகளைச் சேர்த்தார்கள். பிறகு 'ட்ராகன்' வகை ஓங்கியது, 2013இல் 'ஃபேரி' வகையைக் கொண்டுவந்தார்கள். அட்டவணையைத்தான் திருத்தினார்கள். நாங்களோ வகுப்பில் பாதிப்பேர் தவறினாலும் பிள்ளைகளையே குறை சொல்கிறோம்.

இரவிரவாகப் போன் கொடுங்கள் என்று சொல்லவில்லை. நேரக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால் இதை வகுப்புக்குக் கொண்டுவரப் போனும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. பழைய கொப்பி மட்டையில் அட்டை வெட்டி, ஐந்து வகைகளோடு பிள்ளைகளையே ஆட விடுங்கள். அடியின் அளவைப் பின்னமாக எழுதச் சொல்லுங்கள். பாடத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம் போதும்.

பெற்றோரே, இன்றிரவு ஏசுவதற்கு முதல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மகன், கியாரடோஸுக்கு மின்சாரம் அடிச்சா எத்தினை மடங்கு? ஏன்?" அவன் விளக்கும் விதத்தைக் கவனியுங்கள். அதைத்தான் நாங்கள் கணிதம் என்கிறோம்.