ஒட்டறை வேறு, வலை வேறு



டெங்கு சிரமதானம் என்று அறிவித்தால் நமது ஊரில் முதலில் அழிவது தண்ணீர் தேங்கிய சிரட்டையும் டயரும் அல்ல, வேலியில் இருக்கும் சிலந்தி வலைதான். தும்புத்தடியால் ஓர் இழுவை, பிறகு மருந்து. நுளம்பைப் பிடிக்கிற வலையை அறுத்துவிட்டு நுளம்பு கூடிவிட்டது என்று முறைப்பாடு செய்வது என்ன நியாயம்? வாட்ஸ்அப்பில் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தியின் படம் ஒன்று வந்தால் போதும், அன்றைக்கு எல்லாச் சிலந்திக்கும் மரண தண்டனை. அந்தச் சிலந்தி மரப்பொந்தில் வாழ்வது. வேலியில் வட்ட வலை கட்டித் தொங்குவதே இல்லை.

எட்டுக் கால் என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். ஆனால் அது எல்லாச் சிலந்திக்கும் பொருந்தும். ஆளைக் காட்டுவது வலைதான். செடிகளுக்கு நடுவே வட்ட வலை, அதில் வெள்ளை நூலால் வளைந்து வளைந்து பெருக்கல் குறி போட்டிருந்தால் அது கையொப்பச் சிலந்தி. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்தக் குறிக்கு மேலேயே தலைகீழாக இருக்கும். மரங்களுக்கிடையே ஒரு மீற்றர் அகலத்தில், வெயில் பட்டால் பொன் மஞ்சளாக மின்னும் வலை பெரிய காட்டுச் சிலந்தியுடையது. நடுவில் இருப்பது பெண். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு சிவப்பு உருவத்தைக் குஞ்சு என்று நினைக்க வேண்டாம், அவர்தான் மாப்பிள்ளை! காலைப் பனியில் புல்லின் மேல் விரித்த துணி போலத் தெரிந்து, ஒரு பக்கம் புனலாக உள்ளே போனால், அந்தக் குழாய்க்குள் ஆள் காத்திருக்கிறது. வீட்டு மூலையில் ஒழுங்கில்லாத நூல்கள், தொட்டால் உடம்பே மங்கலாகும் அளவுக்கு ஆடும் நெட்டைக்காலன்: அது ஒருவரையும் ஒன்றும் செய்யாது. இரவில் சுவரில் ஓடும் பெரிய தட்டைச் சிலந்திக்கு வலையே கிடையாது. கரப்பானைத் துரத்திப் பிடித்துத் தின்னும்.

வலையைக் கொண்டு இனத்தின் பெயரை எப்போதும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது, குடும்பத்தைச் சொல்லலாம். அடிக்கலாமா விடலாமா என்று தீர்மானிக்க அது போதும்.

அல்-அன்கபூத் என்று சிலந்தியின் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதை அழகாக ஓதும் பிள்ளை, சிலந்தியை நேரில் கண்டதும் செருப்பைக் கழற்றுகிறது. வீட்டில் பெரியவர்கள் செய்வதைத்தானே அதுவும் செய்கிறது?

அடுத்த சிரமதானத்துக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கூரை மூலையில் தூசு படிந்து, ஆளில்லாமல் தொங்குவது ஒட்டறை, அதைத் தாராளமாக அடியுங்கள். வேலியில் ஆள் குடியிருக்கும் வலையை விட்டுவிட்டு, சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்.