20 வருஷம் கப் ஜெயிக்காத கோச்சை நாம விட்டு வைப்போமா? - கோவில்பட்டி ஹாக்கி சொல்லும் டீம் கணக்கு!

ஜெயிச்சா கேப்டன் போட்டோ வைரல். தோத்தா 'கோச்சைத் தூக்குங்க'னு கமென்ட். ஐ.பி.எல் பார்த்துப் பழகின நமக்கு லீடர்ஷிப்னா இந்த ரெண்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, ஒரு அணியோட குணம் ஒரே சீசன்ல உருவாகிறதில்லை. அதைப் புரிஞ்சுக்க, கரிசல் பூமியில இருக்கிற கோவில்பட்டி பக்கம் போகலாம்.

கடலைமிட்டாய் ஊரின் இன்னொரு அடையாளம்

கோவில்பட்டின்னா தீப்பெட்டி, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின கடலைமிட்டாய்... இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டு விளையாட்டு வட்டாரத்துல இந்த ஊருக்கு இன்னொரு அடையாளம், ஹாக்கி. கிருஷ்ணா நகர்ல செயற்கை இழை மைதானம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி எல்லாம் இங்கே உண்டு. அந்தப் போட்டிக்கு ரயில்வே, வங்கி அணிகள் வெளி மாநிலங்கள்ல இருந்து வரும்போது, டிவியில பார்க்க வேண்டிய ஆட்டத்தை உள்ளூர்ப் பையன்கள் பத்தடி தூரத்துல பார்ப்பாங்க.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் ரெண்டு தமிழக வீரர்கள். ஒருத்தர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். இன்னொருத்தர் அரியலூர்ல பிறந்து கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்த கார்த்தி செல்வம். முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். 9-வது நிமிஷம் பெனால்ட்டி கார்னர் வாய்ப்பில் கார்த்தி கோல் அடிச்சார். அந்தத் தொடரில் இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த வருஷம் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில், ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியிலும் அவர் ஒரு கோல் போட்டார். கோப்பையும் இந்தியாவுக்கு வந்தது.

ஸ்கோர்கார்டுல வர்றது ஒரு பேர்தான். ஆனா, பெனால்ட்டி கார்னர் எப்படி நடக்குது? ஒருத்தர் பேக் லைன்ல இருந்து பந்தைத் தள்ளி விடணும். இன்னொருத்தர் அதை நிறுத்தணும். அப்புறம்தான் அடிக்கிறவர். முதல் ரெண்டு பேரும் ஆயிரம் தடவை பயிற்சி எடுத்தாலும் அவங்க பேர் எங்கேயும் வராது. போதாததுக்கு, ஹாக்கியில எத்தனை முறை வேணும்னாலும் ஆளை மாத்தலாம். சில நிமிஷம் ஆடிட்டு பெஞ்சுக்கு வரணும், மறுபடி போகணும். 'நான் ஏன் வெளியே?'னு ஒருத்தர் முகத்தைத் தூக்கி வெச்சாலும் ஆட்டம் குலைஞ்சுடும்.

பேர் வராத வேலையை முழு மனசோட செய்ய வைக்கிறதுதான் டீம் கல்ச்சர். அதுக்குக் காலம் வேணும். எவ்வளவு காலம்?

முதல் பட்டம், 21-வது சீசனில்!

அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் ஒரு பதில் இருக்கு. பேஸ்பாலோட சகோதரி விளையாட்டு இது. பந்து பெருசு, மைதானம் சின்னது, பந்தைக் கையைக் கீழே வீசிப் போடணும். மிச்சிகன் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 1985-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார் கரோல் ஹட்சின்ஸ். 2022 வரை அங்கே 38 சீசன். பயிற்சியாளர் வாழ்க்கையில மொத்தம் 1,707 வெற்றிகள். ஆனா, தேசிய சாம்பியன் பட்டம் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் 2005-ல், அவரோட 21-வது சீசனில்!

இவர் மாணவியா இருந்தப்போ, ஆண்கள் அணிக்குக் கிடைச்ச வசதி பெண்களுக்கு இல்லைன்னு சொல்லி, தான் படிச்ச மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து மேலேயே சக வீராங்கனைகளோடு சேர்ந்து வழக்கு போட்டவர். பிற்காலத்தில் பயிற்சியாளரா மிச்சிகனில் அவர் கட்டின அணியில், நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் மொத்தமா மாறிக்கிட்டே இருந்தாங்க. படிப்பு முடிஞ்சா கிளம்பிடுவாங்களே! ஆள் மாறினாலும் பழக்கம் மாறக் கூடாதுன்னா, சீனியர் அதை ஜூனியருக்குக் கைமாத்தணும். கோச் விசில் ஊதி இதை வர வைக்க முடியாது.

கோவில்பட்டி விடுதிக்கும் இதே கணக்குதான். பையன்கள் வருவாங்க, சில வருஷத்துல போயிடுவாங்க. கோச் 24 மணி நேரமும் கூட இருக்க முடியாது. காலையில ஜூனியரை எழுப்புறது யார், பயிற்சி முடிஞ்சதும் பந்து பொறுக்குறது யார், புதுசா வந்தவன் தப்பு பண்ணா சீனியர் சொல்லித் தர்றாரா, கேலி பண்றாரா... அணியோட குணம் இந்த இடங்கள்லதான் முடிவாகுது.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. தலைவன்னா இந்தப் பக்கம் முதல்ல வர்ற பேர் பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மன். 1799 அக்டோபரில் கயத்தாறுல அவரைத் தூக்கிலிட்டாங்க. கோட்டையையும் இடிச்சாங்க. 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பின தம்பி ஊமைத்துரை, ஊர் மக்களோடு சேர்ந்து சில நாள்லயே கோட்டையை மறுபடி எழுப்பினார். தலைவர் போன பிறகும் ஆட்கள் சேர்ந்து நின்னாங்க.

நாம என்ன கேட்கணும்?

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்துச்சு. 24 அணிகள், இந்தியாவுக்கு வெண்கலம். கோவில்பட்டியில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர்ல சர்வதேச மைதானம் வந்தாச்சு. நல்ல விஷயம். ஆனா, மைதானத்தை சில மாசத்துல கட்டிடலாம், பயிற்சியாளரை அப்படி உருவாக்க முடியாது. அரசுப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியருக்கு இடமாறுதல் வந்தா, அவர் உருவாக்கின அணி அந்த வருஷமே சிதறலாம். ஒப்பந்தத்துல இருக்கிற கோச், அடுத்த வருஷம் இருப்போமாங்கிற கவலையில பத்து வருஷத் திட்டம் போட முடியாது. ஹட்சின்ஸுக்கு மிச்சிகன் கொடுத்த பெரிய வசதி, தேசியப் பட்டம் இல்லாத அந்த 20 வருஷப் பொறுமைதான்.

வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கு. அவங்களை உருவாக்குறவங்க ஒரே இடத்துல நிலைச்சு வேலை பார்க்கவும் ஒரு வழி வேணும். பரிசுத் தொகை அறிவிக்கிற அன்னிக்கே இந்தக் கேள்வியையும் கேட்கணும்.

நீங்க காலேஜ் டீம் கேப்டனா, ஆபீஸ்ல டீம் லீடரா? ஒரு சின்ன டெஸ்ட். ஒரு வாரம் லீவு போட்டுட்டு, திரும்பி வந்ததும் கடைசியா சேர்ந்த ஜூனியர்கிட்ட 'எப்படிப் போச்சு?'னு கேளுங்க. உங்க லீடர்ஷிப் பத்தின சரியான ரிப்போர்ட் அவங்ககிட்டதான் இருக்கும்.