பசித்தவர்களின் சாட்சியம்

பெங்களூருவிலிருந்து மைசூருக்கு நாள்தோறும் பல்லாயிரம் பேர் இரயிலில் செல்கின்றனர். அந்தப் பாதையின் மண்வேலை, தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகத் தொடங்கியது என்பதை அறிந்தோர் சிலரே. பசியால் வாடியோர் சுமந்த மண்ணின் மீதுதான் அந்தப் பாதை செல்கிறது.

1876–78 பஞ்சத்தின்போது மைசூர் இராச்சியம் பிரிட்டிஷ் ஆணையரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் 50 இலட்சத்தைத் தாண்டியிருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் 42 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. மழை பொய்த்தது உண்மையே. ஆனால் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. சந்தையில் தலையிடக் கூடாது என்பதே வைசிராய் லிட்டனின் கொள்கை. 1877 ஜனவரி 1 அன்று அவர் டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். நிவாரணப் பணியில் கடும் உழைப்புக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த அளவு, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும். அது உயிர்காக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்.

டெம்பிளின் வாதமும் கார்னிஷின் மறுப்பும் ஆவணங்களில் உள்ளன. வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகள் எழுதினார். ஆனால் அந்த ஒரு பவுண்டை உண்டு மண் சுமந்தவர் சொன்னது எங்கே? ஆள்வோரின் ஏடு மட்டும் எஞ்சினால், பஞ்சம் வானத்தின் குற்றமாகிவிடும். கிடங்கைப் பூட்டியவர் யார் என்பதைப் பசித்தவரே சொல்ல முடியும்.

1943இல் வங்கத்தில் சுமார் 30 இலட்சம் பேர் மாண்டபோது, கம்யூனிஸ்ட் கட்சி ஓவியர் சித்தபிரசாத்தையும் புகைப்படக் கலைஞர் சுனில் ஜானாவையும் மக்களிடையே அனுப்பியது. சித்தபிரசாத்தின் ‘பசித்த வங்கம்’ நூலின் பிரதிகளைக் காலனி அரசு கைப்பற்றி அழித்தது. சாட்சியத்தின் வலிமையை ஆதிக்கவாதிகள் நன்கறிவர்.

அன்று குழந்தைகளாக இருந்து தப்பியோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களின் சொற்களை உடனே பதிவுசெய்தாக வேண்டும். தாது வருடத்தைக் கண்டவர் எவரும் இன்று இல்லை. எனினும் கன்னட, தமிழ்க் கிராமங்களின் கும்மிகளிலும், 1880களில் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களின் பேச்சிலும் அதன் சுவடுகளைத் தேடலாம். விதான சௌதாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகம், கோப்புகளுக்கு அருகே இந்தக் குரல்களுக்கும் இடம் தரவேண்டும். பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் இப்பணியில் இறங்க வேண்டும். உணவு மக்களின் உரிமை என்னும் இன்றைய போராட்டத்துக்கு அவையே மறுக்கவியலாத சாட்சியம்.