மனிதரை மையமாகக் கொண்ட செயலிகள்

2022 செப்டம்பர் 10 அன்று கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து 17 கோடி ரூபாய்க்கும் மேல் ரொக்கம் கைப்பற்றப்பட்டது. எண்ணுவதற்கு இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. ‘ஈ-நக்கெட்ஸ்’ என்ற கைப்பேசி விளையாட்டுச் செயலி மூலம் மோசடியாகத் திரட்டிய பணம் அது என்றது அமலாக்கத்துறை. கப்பல் கட்டும் தளமும் தையல் பட்டறைகளும் நிறைந்த உழைப்பாளர் பகுதி கார்டன் ரீச். பாஜகவும் திரிணாமூலும் அந்தப் பணக்கட்டுகளை வைத்து வாய்ச்சண்டை போட்டன. பணத்தை இழந்தவர்களைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரமிருக்கவில்லை.

அமலாக்கத்துறை விவரித்த செயல்முறை கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் பயனர்களுக்குக் கமிஷன் கிடைத்தது. கணக்கில் இருந்த தொகையைத் தடையின்றி எடுக்கவும் முடிந்தது. நம்பிக்கை பிறந்ததும் பெரிய தொகைகள் வந்து குவிந்தன. திடீரென ஒருநாள், கணினி மேம்பாடு போன்ற காரணங்களைச் சொல்லிப் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. பயனர் விவரங்கள் உட்பட எல்லாத் தரவுகளும் சர்வர்களிலிருந்து அழிக்கப்பட்டன.

மனிதரை மையமாகக் கொண்ட தொழில்நுட்பம் என்று பெருநிறுவனங்கள் பெருமை பேசுகின்றன. இந்தச் செயலியும் மனிதரைத்தான் மையத்தில் வைத்தது, வேடன் மானைக் குறியில் வைப்பதுபோல. பட்டறையில் கூலி வெட்டப்பட்டால் பத்துப் பேருக்குத் தெரியும். சேர்ந்து போய்க் கேட்கலாம். செயலியில் தோற்பவர் தனியாகத் தோற்கிறார். தன்னைப்போல் தோற்றவர் யாரென அறியார். கடனை வீட்டாரிடமும் மறைக்கிறார். உழைப்பாளரின் இந்தத் தனிமைதான் சூதாட்ட மூலதனத்துக்குக் கிடைத்த உறுதியான பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் தற்கொலைகள் தொடர்ந்த நிலையில், 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் ஆர்.என்.ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றிய பிறகே, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் இணையவழிப் பண விளையாட்டுகளுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. தோற்பவரின் பணத்தில் அரசுக்கும் பங்கு! நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை விளையாடத் தடை என்ற தமிழ்நாட்டின் எளிய விதியைக்கூட எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விதியை உறுதி செய்தது. நாடு தழுவிய தடைச் சட்டம் வந்ததோ அதே ஆண்டு ஆகஸ்டில்தான்.

அந்தத் தடை பண விளையாட்டுகளோடு நின்றுவிடுகிறது. ஆசை காட்டி இழுத்து, தனிமைப்படுத்திக் கசக்கும் அதே உத்தி கடன் செயலிகளிலும், உணவு விநியோகத் தொழிலாளரை இரவிலும் ஓடவைக்கும் ஊக்கத்தொகைத் திட்டங்களிலும் இருக்கிறது. இவற்றின் வடிவமைப்பையும் பொதுக் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டும். அதில் தொழிற்சங்கங்களுக்கு இடம் வேண்டும். கைப்பற்றப்படும் பணம், இழந்தவர்களிடம் விரைவாகத் திரும்பவும் வழிசெய்ய வேண்டும்.