எந்தக் கட்டர் நல்ல கட்டர்?

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல்)

ஆண்டு மலர் என்றாலே கல்லூரியைக் கோயிலாக்கி ஒரு கவிதை, நட்பைக் கடலாக்கி ஒரு கவிதை என்றுதான் வழக்கம். நான் டைல்ஸ் கட்டரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், அதுக்கு மெக்கானிக்கல்காரன் இருக்கான்ல?" என்றான். சிரிக்கட்டும். என் அப்பா பதினேழு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறார். நான் இந்தப் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததற்கும் ஒரு கட்டருக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

நல்ல கை கட்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று அம்மா பெயரில் ஒரு சீட்டு போட்டிருந்தார் அப்பா. சீட்டுப் பணம் கைக்கு வந்த மாசமும் எனக்கு அட்மிஷன் கிடைத்த மாசமும் ஒன்றாகப் போய்விட்டது. ஃபீஸ், ஹாஸ்டல், டிராயிங் சாமான் எல்லாம் போக மிச்சம் நின்றது நாலாயிரத்துச் சொச்சம். அதில் 3,800 ரூபாய்க்கு ஒரு கட்டர் வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் இருந்த பெயரை அடுத்த வருஷம் கடையில் தேடினால் காணவே இல்லை. அதுதான் அந்தக் கம்பெனியின் லட்சணம்.

திருவெறும்பூர் பக்கம் ஒரு வீட்டு வேலை. ஹாலுக்கு நாலுக்கு ரெண்டு விட்ரிஃபைடு டைல்ஸ். ஞாயிற்றுக்கிழமை நானும் கையாளாகப் போயிருந்தேன். குறுக்கு வெட்டுக்கு அந்தக் கட்டரைப் போட்டால், கோடு ஒரு பக்கம் போகிறது, உடைவது இன்னொரு பக்கம் போகிறது. சாயங்காலத்துக்குள் ஏழு டைல்ஸ் வீண். ஒரு டைல்ஸ் எட்டு சதுர அடி, சதுர அடி 65 ரூபாய் என்று காண்ட்ராக்டர் கூலியில் பிடித்துக்கொண்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,640 ரூபாய். கட்டர் வாங்கின காசு கிட்டத்தட்ட இன்னொரு தரம் போச்சு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பழையபடி கரண்டு மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"மெஷின் இருக்கும்போது கை கட்டர் எதுக்கு?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் பூட்டின அறைக்குள் அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் பிளேடு அது. தண்ணீர் ஊற்றாமல் வெட்டினால் ஆள் மாவு மில்லில் இருந்து வந்தது போல வெளியே வருவான். அது மாவாக இருந்தால் பரவாயில்லை. டைல்ஸ் என்பது களிமண்ணும் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்ந்து சுட்ட கல். அந்தக் குவார்ட்ஸ் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1997-லேயே முதல் வகுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சிலிக்கோசிஸ் தனிக் கதை. அப்பா ராத்திரி இருமும்போது எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். குழாய்க்கு ஓட்டை, மூலைக்கு 'எல்' வெட்டு, இதற்கெல்லாம் மெஷின் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வீட்டு வெட்டில் பெரும்பகுதி நேர்கோடுதான். அதைத் தூசி இல்லாமல், சத்தம் இல்லாமல், கரண்டு இல்லாமல் வெட்டலாம்.

அப்படியானால் அந்த 3,800 ரூபாய் கட்டர் ஏன் காலை வாரியது? இதற்கு நம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடமே போதும். கான்கிரீட் மாதிரியே டைல்ஸும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. கட்டர் டைல்ஸை வெட்டுவதே இல்லை, உடைக்கிறது! டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் மேல்முகத்தில் மெல்லிசாக ஒரு கீறல் போடுகிறது. பிறகு கீழே நடுவில் உள்ள மேட்டின் மேல் டைல்ஸ் இருக்க, மேலிருந்து இரண்டு பக்கமும் அமுக்குகிறோம். மேல்முகம் இழுபடுகிறது. இழுவிசை முழுக்கக் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. பட்! சின்ன விரிசல் எப்படிப் பெரிய பொருளை உடைக்கிறது என்று கிரிஃபித் என்பவர் 1921-இல் எழுதிய கணக்கும் இதே விஷயம்தான். அதைப் படிக்காத என் அப்பா சொல்வது: "ஒரே கோடு, ஒரே தடவை." இரண்டாம் தரம் இழுத்தால் விரிசலுக்கு இரண்டு வழி கிடைத்துவிடும். ஓரத்தில் இருந்து ஓரம் வரை கோடு போகாவிட்டாலும் கடைசியில் மூக்கு உடையும். எங்கள் கட்டரில் சக்கரம் பிடித்த தலை, கம்பியின் மேல் அரை மில்லி மீட்டர் ஆடியது. அரை மில்லிதானே என்று தோன்றும். அந்த அரை மில்லிதான் ஏழு டைல்ஸைத் தின்றது.

அதனால் நண்பர்களே, கடைக்குப் போனால் முதலில் பெயரைப் பார்க்காதீர்கள். தலையைக் கம்பியின் நடுவில் நிறுத்திப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நடுவில்தான் ஆட்டம் தெரியும், இரண்டு முனையிலும் எல்லாக் கட்டரும் யோக்கியம்தான். அடுத்தது, கடைக்காரர் வெட்டிக் காட்டும் டைல்ஸ். பெரும்பாலும் சுவர் டைல்ஸைத்தான் எடுப்பார். சுவர் டைல்ஸ் தண்ணீர் குடிக்கிற மெத்தென்ற சாதி. பத்து சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதை எந்தக் கட்டரும் பிஸ்கட் போல உடைக்கும். மோர்பியில் இருந்து லாரி லாரியாக வந்து இறங்கும் விட்ரிஃபைடு டைல்ஸுக்கு உறிஞ்சல் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்லைவிடக் கெட்டி. சைட்டில் உடைந்த விட்ரிஃபைடு துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். திருச்சியில் ஒரு கடையில் அப்பா துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டியதும் கடைக்காரர், "மேஸ்திரி, இதை இதுல போடாதீங்க" என்றார்! விற்கிறவரே சொல்லிவிட்டார்.

சரி, கம்பெனிக்கு வருவோம். நான் விசாரித்த வரையில் உலகத்தில் டைல்ஸ்காரர்கள் பேசிக்கொள்ளும் பெயர்கள் நாலைந்துதான். ஸ்பெயினின் ரூபி, இத்தாலியின் மான்டோலிட், சிக்மா, ஜப்பானின் இஷீ. ரூபி 1951-இல் போவாதா என்ற அண்ணன் தம்பிகள் தொடங்கியது. பார்சிலோனா பக்கம் ரூபி என்றே ஒரு ஊர் இருக்கிறது, அந்தப் பெயர்தான். மாணிக்கக் கல் என்று நினைத்து நான் ஏமாந்தேன். ரூபியில் தலை இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் ஓடும். மான்டோலிட்டிலும் சிக்மாவிலும் ஒற்றை அலுமினியத் தண்டு. மான்டோலிட்டைத் தள்ளி வெட்ட வேண்டும். சிக்மாவில் தள்ளுவதும் உண்டு, இழுப்பதும் உண்டு. ஒற்றைத் தண்டில் கோடு நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், கருவியும் லேசு. இரண்டு கம்பியில் கோட்டைக் கம்பிகளின் நடுவே பார்க்க வேண்டும், எடை அதிகம்.

இந்தக் கம்பெனிகளின் கேட்லாக் படங்களில் எல்லாம் ஆள் நின்றுகொண்டு, கட்டரை மேசை மேல் வைத்து வெட்டுகிறார். நம் சைட்டில் மேசை ஏது? குத்தவைத்து உட்கார்ந்துதான் வேலை. உட்கார்ந்தபடி நாலடி நீளத்துக்குத் தள்ளிப் பாருங்கள், பாதியில் கை எட்டாது. கோடு நடுவில் நின்றால் போச்சு. தள்ளுவதா இழுப்பதா என்பது கம்பெனி பெருமை இல்லை, உங்கள் இடுப்பும் முழங்காலும் சொல்ல வேண்டிய பதில். இரண்டு செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகை போட்டு உயர்த்திக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் இரண்டு வருஷமாகச் சண்டை போடுகிறேன். "உக்காந்து பழகின உடம்பு தம்பி" என்கிறார்.

நீளத்திலும் ஏமாறாதீர்கள். ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் 60 செ.மீ., அதனால் 60 செ.மீ. கட்டர் போதும் என்பார்கள். மூலைக்கு மூலை வெட்ட வேண்டி வந்தால்? பிதாகரஸைக் கேளுங்கள், 84.85 செ.மீ. ரூபியின் டிஎக்ஸ் 700 மாடல் 71 செ.மீ. வெட்டும், இதற்குப் போதாது. டிஎக்ஸ் 900 மாடல் 93 செ.மீ., போதும். நாலடி டைல்ஸை நீளவாக்கில் வெட்ட இன்னும் நீளமான மாடல்தான். அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு போவது எப்படி என்று எந்தக் கேட்லாக்கும் சொல்லாது.

என் கருத்தைக் கேட்டால், எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதான அந்தச் சக்கரம். அது தேயும். தேய்ந்த பின் உங்கள் ஊரில் கிடைக்குமா? கட்டர் விலையைக் கேட்பதற்கு முன் சக்கரத்தின் விலையைக் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வெளியே வந்துவிடுங்கள். மலிவு கட்டர் வாங்குகிறவர் வெர்னியர் வைத்து வெளி விட்டம், துளை, தடிமன் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். (முதல் வருஷ லேபில் இரும்பு உருண்டையை அளந்ததற்கு இப்போதுதான் பலன்!) எங்கள் ஊரில் ரூபி சக்கரம் சொல்லி வைத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். இத்தாலிச் சக்கரத்துக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் நான் ரூபி கட்சி. இத்தாலிக்காரன் மட்டம் என்பதால் அல்ல. உங்கள் ஊரில் இஷீ சக்கரம் கிடைத்தால் நீங்கள் இஷீ கட்சியாக இருங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஆனால் விலை? டிஎக்ஸ் 900 அப்பாவின் ஒரு மாசக் கூலியைத் தாண்டுகிறது. இங்கேதான் நாம் வருகிறோம். எஸ்டிமேட்டிங் பாடத்தில் டூல்ஸ் அண்ட் பிளான்ட்ஸுக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் என்று போடுகிறோமே, அது யார் பைக்குப் போகிறது? இரண்டு லட்ச ரூபாய்த் தரை வேலைக்கு ஒன்றரை சதவீதம் என்றால் 3,000 ரூபாய். பில்லில் அந்தக் காசு இருக்கிறது. சைட்டில் கட்டரை மட்டும் டைல்ஸ்காரர் தன் சொந்தக் காசில், அதுவும் சீட்டுக் காசில், வாங்கி வருகிறார். உடைந்த டைல்ஸுக்கும் அவரே கட்டுகிறார். எந்தக் கம்பெனி நல்லது என்று தேர்ந்தெடுக்கும் பாக்கியமே அவருக்கு இல்லை. கையில் இருக்கும் காசு எந்தக் கட்டரைக் காட்டுகிறதோ அதைத்தான் வாங்குகிறார்.

இந்த வருஷம் என் பிராஜெக்ட் எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "கை டைல்ஸ் கட்டர், 93 செ.மீ., ஒன்று, உபரிச் சக்கரம், ஆறு." சார் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, "இதெல்லாம் ஒட்டுற ஆளு கொண்டு வருவான்பா" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னார். அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. வைவாவில் வெளி எக்ஸாமினர் கேட்டால் அப்பாவின் ஏழு டைல்ஸ் கணக்கைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.