பாதுகாப்பு கம்பெனியும் பாதுகாப்பில்லாத ஆணிகளும்

மக்களே, "சைபர் செக்யூரிட்டியா? உனக்கென்னப்பா, அசைக்க முடியாத வேலை"ன்னு திருவெறும்பூர்ல யாரைப் பார்த்தாலும் சொல்றாங்க. அசையாத லட்சணத்தைப் பாருங்க.

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. இண்டிகோவில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தலைமை நாற்காலி மட்டும் அசையவே இல்லை. 2025 மே மாதம் அதே கம்பெனி சுமார் 500 பேரை, அதாவது 5 சதவீதத்தினரை, வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. காரணம் ஏஐயாம்!

இங்கே மட்டும் என்ன வாழுதாம்? ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரணும்னு 2022-ல் செர்ட்-இன் உத்தரவு போட்டது. நல்ல விதிதான். ஆனா அதுக்காக ராத்திரி பூரா அலர்ட்டை முறைச்சுப் பார்க்கிறவன் கருத்தை யார் கேட்டாங்க?

பெல் தொழிலாளிக்கும் நைட் ஷிஃப்ட் உண்டு. கேள்வி கேட்க சங்கமும் உண்டு. ஐடி ஊழியரும் சங்கம் வைக்கலாம்னு தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திடுச்சு. நாமதான் 'ஒயிட் காலர்' கெத்து கலையாம டீக்கடையில முனகிட்டிருக்கோம். தனியா முனகினா அது கருத்து இல்லீங்க, புலம்பல். பத்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாதான் கருத்து.

மறுக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க.