பி.எச். அளவும் காரத்தின் காவலும்

கரும்புப் பாகைப் புளிக்கவைத்துச் சாராயம் வடிக்கும் ஆலைகளில், ஒரு லிட்டர் சாராயத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் வரை மிஞ்சுகிற கரிய கொதிநீரை, ‘ஸ்பென்ட் வாஷ்’ என்று நாம் நித்தியம் வழங்கும் அந்தக் கழிவை, ஆறவைத்து டைஜஸ்டருக்குள் செலுத்தி எரிவாயு எடுக்கும் பொறுப்பிலுள்ள அன்பர்கள், கட்டுப்பாட்டு அறையின் பேனலில் பி.எச். 7.2 என்று நிற்கக் கண்டால் நிம்மதியாக ஷிப்டை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அந்த நிம்மதிக்குப் போதிய ஆதாரமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

டைஜஸ்டருக்குள் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுபவை. அந்த அமிலத்தை உண்டு மெத்தேனாக மாற்றுபவையோ மந்தகதியில் பெருகுபவை, சூடு சற்று மாறினாலும் சோர்ந்துவிடுபவை. பின்னவை தளர்ந்து, அசிட்டிக், புரோபியானிக் முதலிய அமிலங்கள் தேங்கத் தொடங்கிய பிறகும், திரவத்திலுள்ள பைகார்பனேட் அவற்றைத் தாங்கிக்கொண்டே வருவதால் பி.எச். அசையாமல் நிற்கிறது. அந்தக் கார இருப்பு கரைந்த பின்னரே எண் சரிகிறது. அப்போது நோய் முற்றியிருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன் ஓர் ஆலையில் இந்தப் பிழையை நானே செய்தேன். குளிர்விப்பான் பழுதாகி, 37 டிகிரியில் இருக்கவேண்டிய டைஜஸ்டர் 43க்கு ஏறிய வாரம் அது. ஃபிளேர் சுவாலை மங்கி அடிக்கடி அணைந்தது. “சார், நேத்துலேருந்து வாடை மாறியிருக்கு, புளிப்பா அடிக்குது” என்று வந்து நின்ற ஆபரேட்டரிடம், பேனலில் 7.1 இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டேன். ஐந்தாம் நாள் 6.3. வேறோர் ஆலையிலிருந்து லாரி லாரியாகக் கசடு கொணர்ந்து மீட்டெடுக்க ஏழு வாரம் ஆயிற்று.

அன்று எங்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு பியூரெட் மாத்திரமே. குழாயில் தங்கிய பழைய கசடு முழுவதும் ஓடிய பிறகு பிடித்த சாம்பிளைத் தெளியவைத்து, அதில் 20 மில்லி எடுத்து, 0.1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 5.0க்கு இறங்கும்போது ஒரு குறிப்பும் 4.4க்கு இறங்கும்போது மற்றொரு குறிப்பும் எடுத்தால், முன்னதிலிருந்து கார இருப்பும், இரண்டுக்கும் இடைப்பட்ட செலவிலிருந்து அமிலமும் கணக்கில் வந்துவிடும். அமிலத்துக்கும் காரத்துக்குமுள்ள விகிதம் 0.3 முதல் 0.4 வரை இருப்பது பொதுவாக க்ஷேமம். ஆயினும் ஒவ்வொரு டைஜஸ்டருக்கும் தனக்கென ஒரு சுபாவம் உண்டாகையால், நேற்றைக்கு இன்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையே நான் முக்கியமாகக் கவனிப்பேன்.

அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு இடைவிடாமல் அளக்கும் சாதனங்களை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் எந்தச் சரக்கை வைத்து அவற்றின் கணக்கு பழக்கப்பட்டதோ அந்தச் சரக்குக்கே அது நன்கு பொருந்தும். பாகோ சீசனுக்குச் சீசன் மாறுகிறது. ஆகவே அச்சாதனங்களைச் சரிபார்ப்பதற்கும் பியூரெட்டே பிரமாணம்.

விகிதம் ஏறுகிறதென்று கண்டால், சுண்ணாம்பு மூட்டையைத் தேடுமுன் ஃபீடைக் குறைக்கவேண்டும்; அப்படிக் குறைக்கும் அதிகாரத்தை, மேலாளரின் தொலைபேசிக்காகக் காத்திராதபடி, இரவு ஷிப்டில் நிற்கும் ஆபரேட்டருக்கே எழுத்து மூலம் கொடுத்துவிடும்படி ஆலை நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன்.